சபை வேற, செயலகம் வேற: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க பிரதேச சபை அலுவலுகளைப் பற்றித்தான். ஒழுங்கை, லைற், வரி, குப்பை, சுடலை எண்டு எல்லாம் ஒரே வாசலுக்குப் போற விசயங்கள். அதால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியிருக்கிறன். எழுதினவையின்ர பேர் போடேல்லை, ஊரை மட்டும் பொதுவாச் சொல்லுறன்.

*கேள்வி: எங்கட ஒழுங்கையில கிடந்த மதகு போன மாரியோட உடைஞ்சு போச்சு. பிள்ளையள் சைக்கிளால இறங்கி உருட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகுதுகள். ரெண்டு தரம் பிரதேச செயலகத்துக்குப் போனன், சபைக்குப் போகச் சொன்னவை. சபைக்குப் போனா அது எங்கட றோட்டோ எண்டு பாக்கவேணும் எண்டினம். நான் ஆரிட்டப் போறது? (கிளிநொச்சி மாவட்ட வாசகி)*

தங்கச்சி, ரெண்டு பேரும் பேரில ஒண்டு மாதிரி இருக்கிறதால வாற அலைச்சல் இது, உங்களை மாதிரி எத்தினையோ பேர் அலையினம். பிரதேச செயலகம் அரசாங்கத்தின்ர கந்தோர். காணி பெர்மிட் (அரச காணியில இருக்க விடுற பத்திரம்), பிறப்பு இறப்புப் பதிவு, அஸ்வெசும எண்டுற அரசாங்க உதவிக்காசு, ஜி.எஸ்.மார் எண்டுற கிராம சேவகர்மார் எல்லாம் அங்க. பிரதேச சபை எண்டுறது நாங்கள் வோட்டுப் போட்டு அனுப்பின ஆக்கள் இருக்கிற இடம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது. ஊர் ஒழுங்கை, வடிகால், குப்பை, சந்தை, நூலகம், சுடலை, தெரு லைற் எல்லாம் அவையின்ர பொறுப்பு. எல்லையும் ஒண்டு இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில செயலகம் நாலு, சபை மூண்டுதான்: கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி. கண்டாவளை ஆக்களுக்கு தனிச் செயலகம் இருக்கு, ஆனா சபை கரைச்சிதான். முல்லைத்தீவில செயலகம் ஆறு, சபை நாலு. இதை ஒருத்தரும் சொல்லித்தராம சனம் வெயிலுக்க பஸ் பிடிச்சுத் திரியுது, எனக்கு அதுதான் சரியான கவலை.

இப்ப றோட்டுக்கு வருவம். கண்டி வீதி (ஏ9), பரந்தன் முல்லைத்தீவு வீதி (ஏ35) மாதிரி ஏ, பி வகை வீதியள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மற்ற ஊர் ஒழுங்கையள் பெரும்பாலும் சபைக்கு. எங்கட வன்னியில இன்னும் ஒரு சிக்கல் இருக்கு, ஏனெண்டா குளக்கட்டு வழியே போற பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர, வயலுக்குப் போற பாதை சிலது கமநல சேவையின்ர, காட்டோரம் போனா வன இலாகா வந்து நிக்கும். மதகுக்குக் கீழ ஓடுறது நீர்ப்பாசன வாய்க்காலா, மழைத்தண்ணி வடிகாலா எண்டதிலயும் பொறுப்பு மாறும். அதால முதல்ல சபையில கேக்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இந்த ஒழுங்கை உங்கட வீதிப் பதிவேட்டில இருக்கோ, இருந்தா இலக்கம் என்ன?" இருக்கு எண்டா அந்த இலக்கத்தைப் போட்டு மதகைத் திருத்தக் கேளுங்கோ. இல்லை எண்டா அதைப் பதிவேட்டில சேர்க்கச் சொல்லி முதல் கடிதம் குடுங்கோ, பதிவில இல்லாத றோட்டுக்கு அவை காசு ஒதுக்க ஏலாது.

கடிதத்தில "றோட்டு சரியில்லை, செய்து தாங்கோ" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. எந்தச் சந்தியில தொடங்கி எங்க முடியுது, மதகுக்குப் பக்கத்தில நிக்கிற கரண்ட் போஸ்ற்றில என்ன நம்பர் அடிச்சிருக்கு, எத்தினை குடும்பம் பாவிக்குது, எத்தினை பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுது எண்டு எழுதி போட்டோவும் ஒட்டுங்கோ. தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதுதான் நாங்கள் ரி.ஓ எண்டு சொல்லுறவர், வந்து அளந்து மதிப்பீடு போட்டாத்தான் வேலை நகரும், அவருக்கு இடம் தேடித் திரியிற வேலை வைக்கக்கூடாது.

மற்றது, ரெண்டு பிரதி கொண்டு போங்கோ. ஒண்டை அங்க குடுத்திட்டு மற்றதில திகதி முத்திரை அடிச்சு வாங்கிக்கொண்டு வாங்கோ. இதை நான் பட்டுத்தான் சொல்லுறன். ஒருக்கா ஒரு கந்தோரில வீட்டு வாசல் வடிகாலுக்காக கடிதம் ஒண்டு குடுத்தனான், கையில வாங்கின பிள்ளை நல்ல மரியாதையாச் சிரிச்சு, பக்கத்தில கிடந்த பைல் கட்டுக்கு மேல வைச்சது. ஆறு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா அப்பிடி ஒரு கடிதமே வரேல்லையாம். என்ர கையில ஒண்டும் இல்லை. திருப்பி முதல்ல இருந்து தொடங்கினனான், அதுக்குள்ள அடுத்த மாரி வந்து முத்தத்தில முழங்கால் தண்ணி.

*கேள்வி: சந்தியில லைற் எரியேல்லை. மின்சார சபைக்கு அடிச்சா தங்கட வேலை இல்லை எண்டினம். (முழங்காவில் பக்கம்)*

போஸ்ற் மின்சார சபையின்ர, பல்ப் பிரதேச சபையின்ர. போஸ்ற் நம்பரோட சபைக்கு அறிவியுங்கோ. வயர் அறுந்து தொங்கினாலோ போஸ்ற் சரிஞ்சாலோ மட்டும் உடன மின்சார சபைக்கு அடிக்கவேணும், அதைக் கையால தொடவேண்டாம்.

*கேள்வி: சோலைவரி கட்டச் சொல்லி துண்டு வந்திருக்கு. வாசலில குப்பை றக்ரர் கிழமைக்கு ஒருக்காக்கூட வாறதில்லை. ஏன் கட்டவேணும்? (கிளிநொச்சி ரவுண்)*

கோபம் நியாயம் ஐயா. ஆனா கட்டுங்கோ, கட்டிப்போட்டு கேள்வி கேளுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். சோலைவரி எண்டுறது வீடு, கடை, காணிக்கு வருசா வருசம் சபைக்குக் கட்டுற வரி, அது எல்லா இடத்துக்கும் இல்லை, அபிவிருத்தியடைஞ்ச பகுதி எண்டு அறிவிச்ச இடத்துக்கு மட்டும்தான். அதால முதல்ல உங்கட காணி அந்த எல்லைக்குள்ள வருதோ, ஆண்டுப் பெறுமதி எவ்வளவு எண்டு மதிச்சிருக்கினம் எண்டு பாருங்கோ, கூடப் போட்டிருந்தா ஆட்சேபனை எழுதிக் குடுக்கலாம், அதுக்கு துண்டில போட்டிருக்கிற தவணை தவறக்கூடாது. வருசக் காசு முழுக்க ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவு, காலாண்டுக்கு காலாண்டு கட்டுறவை அந்தக் காலாண்டின்ர முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம். கட்டாம விட்டா வாரண்ட் செலவு எண்டு அதுக்கு மேலயும் ஏறும்.

ஏன் கட்டச் சொல்லுறன் எண்டா, சபைக்கு எண்டு சொந்தமா வாற காசு கொஞ்சம்தான். சோலைவரி, கடை லைசென்ஸ், சந்தைக் குத்தகை, காணி கைமாறேக்க வாற முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். தெற்கில பெரிய ரவுணுகளில முத்திரைத் தீர்வையே நல்ல வருமானம், எங்கட பக்கம் கனக்க காணி பெர்மிட் காணி, உறுதி எழுதி விக்கிறது குறைவு, அந்த வாசல் எங்களுக்கு ஒடுக்கம். றக்ரருக்கு டீசல் அடிக்கிறது இந்தக் காசிலதான். பற்றுச்சீட்டு கையில இருந்தா "நான் வரி கட்டின ஆள், குப்பை ஏத்துற அட்டவணையைத் தாங்கோ" எண்டு நிமிர்ந்து நிண்டு கேக்கலாம். உக்கிறதையும் உக்காததையும் பிரிச்சு வைக்கிறது உங்கட பக்கத்து வேலை, சாப்பாட்டுக் கழிவையும் பிளாஸ்ரிக்கையும் ஒரே பையில கட்டி றோட்டில வைச்சா நாய் இழுத்து வாய்க்காலுக்க போடும், பேந்து மழைக்கு வெள்ளம் நிக்கும்.

*கேள்வி: பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில. காணி பத்தையாக் கிடக்கு, கிணறும் மூடேல்லை, நுளம்பும் பாம்பும். ஆர் துப்பரவாக்கிறது? (வவுனியா வடக்கு)*

சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி துப்பரவாக்கச் சொல்ல சபைக்கு அதிகாரம் இருக்கு. நுளம்பு பெருகுது எண்டா பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கோ, அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில இருப்பார், நுளம்பு பெருக்கத் தடைக்கு 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டம் எண்டு தனிச் சட்டமே இருக்கு. அதுக்கு முதல் ஆற்றையேன் கையில போன் நம்பர் எடுத்து அவையோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ. லண்டனிலயும் கனடாவிலயும் இருக்கிறவைக்கு தங்கட கிணறு திறந்து கிடக்கிறது தெரியாமலும் இருக்கலாம். கிணத்தடியில பிள்ளையள் விளையாடுற இடமெண்டா ஒரு நாளும் பிந்தாம இண்டைக்கே முள்ளுக்கம்பையாவது இழுத்துப் போட்டு மறையுங்கோ.

*கேள்வி: இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டின வீட்டுக்கு பின்பக்கம் குசினியும் ஒரு அறையும் கூட்டிக் கட்டினாங்கள், அனுமதி எடுக்கேல்லை. இப்ப கடனுக்குப் போனா வங்கி அனுமதிச்ச பிளான் கேக்குது. (முல்லைத்தீவு)*

550,000 ரூபாவில கட்டின அந்த வீடுகளில பிள்ளையள் வளர வளர இடம் காணாது, ஒரு பத்தி இறக்காத வீடே குறைவு. பயப்படாதேங்கோ. சபையில கட்டட விண்ணப்பப் படிவம் வாங்கி, படம் கீறுறவரிட்ட இப்ப வீடு எப்பிடி நிக்குதோ அப்பிடியே பிளான் கீறுவிச்சு, காணி ஆவணத்தோட குடுங்கோ. ரி.ஓ வந்து பாப்பார். வீதிக்கோட்டைத் தாண்டி றோட்டுப் பக்கம் போகாம, வேலிக்கு இடம் விட்டு, கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில போதிய தூரம் விட்டுக் கட்டியிருந்தா, முதல்ல அனுமதி எடுக்காததுக்கு கூடுதல் கட்டணம் கட்டி கவரிங் அப்ரூவல் எடுக்கப் பாக்கலாம். கையில பெர்மிட் மட்டும்தான் எண்டா காணி விசயத்தைச் செயலகத்தில கேட்டுத் தெளிவாக்கிப் போட்டு சபைக்குப் போங்கோ. இனிக் கட்டுறவைக்குச் சொல்லுறன், அத்திவாரம் வெட்ட முதல் போங்கோ, கட்டி முடிச்சாப் பிறகு, அனுமதிச்ச பிளான்படிதான் கட்டினது எண்டு சபை தாற இணக்கச் சான்றிதழும் எடுத்து வையுங்கோ.

*கேள்வி: எங்கட வட்டாரத்துக்கு எவ்வளவு காசு ஒதுக்கினவை எண்டு உறுப்பினரிட்டக் கேட்டா மழுப்புறார். நான் படிக்கிற பிள்ளை, எனக்குக் கேக்க உரிமை இருக்கோ? (மல்லாவி)*

இருக்கு பிள்ளை. 2023 மார்ச்சில சபையள் கலைஞ்சு, தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6தான் வோட்டுப் போட்டனாங்கள். ரெண்டு வருசத்துக்கு மேல செயலாளர்மாரின்ர கையிலதான் எல்லாம் இருந்தது, கேக்க ஒரு உறுப்பினரும் இல்லை. இப்ப ஆள் இருக்கேக்க கேக்காம விட்டா அது பெரிய நட்டம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. ஒவ்வொரு சபையிலயும் தகவல் அலுவலர் ஒருத்தர் இருக்கவேணும். அவருக்கு எழுதுங்கோ, என்னத்துக்குக் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாத ஆச்சி ஒராள் போய் வாயால கேட்டாலும் அவர் எழுதி எடுக்கவேணும். தரலாமோ இல்லையோ எண்டு 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும், மறுத்தா 14 நாளுக்குள்ள அதே இடத்தில குறித்தளிக்கப்பட்ட அலுவலரிட்ட மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். "எல்லாக் கணக்கும் தாங்கோ" எண்டு கேட்டா இழுபடும். "இந்த வருசம் எங்கட வட்டாரத்துக்கு எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினது, எவ்வளவு செலவழிச்சது, ஒப்பந்தம் ஆருக்கு" எண்டு குறுக்கிக் கேளுங்கோ. சபை அமர்வு மாசம் ஒருக்கா நடக்கும், பாக்க வாறதுக்கு என்ன ஒழுங்கு எண்டு செயலாளரிட்டக் கேட்டு ரெண்டு சிநேகிதியளோட போங்கோ. பின் வாங்கில இளம்பிள்ளையள் கொப்பியோட இருந்து எழுதுறதைக் கண்டா உறுப்பினர்மார் கதைக்கிற விதமே மாறும், நான் கண்டிருக்கிறன்.

*கேள்வி: எனக்கு 71 வயசு. எங்கட சுடலைக்குப் போற பாதை மாரிக்கு முழங்காலுக்கு மேல தண்ணி. போன கார்த்திகை என்ர மனுசியை பெடியள் தோளில தூக்கி தண்ணிக்கால கொண்டு போனவங்கள், ஒருத்தன் சறுக்கிப் போனான், பெட்டி சரிஞ்சு போச்சு. எனக்கும் அப்பிடி வரக்கூடாது. (புதுக்குடியிருப்புப் பக்கம்)*

ஐயா, உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். சுடலை பிரதேச சபையின்ர பொறுப்பு, சந்தேகமே வேண்டாம். அடுத்த வருசத்து வரவுசெலவுத்திட்டத்தை டிசம்பர் முடியமுதல் சபையில நிறைவேற்றுவினம், அதால செப்டெம்பர், ஒக்ரோபருக்குள்ள கடிதம் போய்ச் சேர்ந்தாத்தான் அதில இடம் கிடைக்கும். தனிய எழுதாதேங்கோ, கிராம அபிவிருத்திச் சங்கமும் மரண உதவிச் சங்கமும் கையெழுத்து வைக்கட்டும். தவிசாளருக்கு ஒண்டு, செயலாளருக்கு ஒண்டு, வட்டார உறுப்பினருக்கு ஒண்டு. கொங்கிறீற் றோட்டு கேக்கிறதுக்கு முதல் தண்ணி கடக்க ஒரு குழாய் மதகும், கிறவல் போட்டு உயர்த்தின பாதையும் கேளுங்கோ, அது செலவு குறைவு, ஒரு மாரிக்கு முதலே செய்து முடிக்கலாம். தண்ணி நிக்கிற நாளில எடுத்த போட்டோ ஆற்றையேன் போனில இருக்கும், பெடியளிட்டக் கேட்டு வாங்கி இணையுங்கோ. எழுத ஏலாட்டி எனக்குச் சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன். முத்திரை அடிச்ச பிரதியில ஒண்டை எனக்கும் அனுப்பிவிடுங்கோ ஐயா, ஒவ்வொரு மாசமும் நானும் அங்க போன் அடிச்சுக் கேக்கிறன்.