கூட்டாளி பெண் என்றால் தண்டனை குறையுமா?

குமரி மாவட்ட நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்திவரும் பெண் வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

மார்த்தாண்டம் வாசகி: அக்கா, பாறசாலை கஷாய வழக்கில் மகளுக்குத் தூக்கு, மாமாவுக்குச் சிறை. அம்மா மட்டும் விடுதலை. பெண் என்பதால்தானே அவர் தப்பித்தார்?

இல்லை தங்கச்சி. இரக்கம் வேலை செய்திருந்தால் முதலில் மகளுக்கல்லவா உதவியிருக்க வேண்டும்? நம் ராமவர்மன்சிறை வீட்டில் 2022 அக்டோபரில் ஷாரோன் ராஜ் என்ற பாறசாலை இளைஞருக்கு அவருடைய காதலி கிரீஷ்மா விஷம் கலந்த கஷாயம் கொடுத்தார். நீங்கள் சொல்லும் மகள் இவர்தான். விசாரணை கேரளத்தில் நடந்தது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் தண்டனை பற்றிய வாதம் வந்தபோது, வயது 24, பெற்றோருக்கு ஒரே மகள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். நீதிபதி ஏற்கவில்லை. தடயத்தை அழித்தது நிரூபணமானதால் மாமாவுக்கு 3 ஆண்டு சிறை. அம்மாவுக்கு எதிராகப் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தார்கள். ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டாலும் சந்தேகம் ஆதாரம் ஆகாது. அந்த இடத்தில் அப்பா நின்றிருந்தாலும் தீர்ப்பு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

தக்கலை வாசகர்: சட்டப் புத்தகத்திலேயே பெண்களுக்குச் சலுகை எழுதியிருக்கிறதா?

ஜாமீனிலும் கைதிலும் இருக்கிறது. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்கிலும், பெண் என்றால் மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 437, அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ்.-இல் 480. "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "கொடுக்க வேண்டும்" என்று இல்லை. விதிவிலக்கான சூழல் இல்லாமல் இரவில் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற விதியும் உண்டு.

குற்றத்தின் அளவில் சலுகை கிடையாது. ஒரே எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் தனியாகச் செய்தது போலவே பொறுப்பு. அங்கே ஆண் பெண் பார்ப்பதில்லை. பெண் கூட்டாளிக்கு வெளிப்படையாக விலக்கு தந்த ஒரு பிரிவு நம்மிடம் இருந்தது. பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு 497. அதில் ஆணுக்கு மட்டும் தண்டனை, அந்த மனைவியை உடந்தை என்றுகூடத் தண்டிக்க முடியாது. பார்ப்பதற்குப் பெண்ணுக்கு நல்லது போலத் தெரியும். ஆனால் கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்றும் அதில் இருந்தது. மனைவியைக் கணவனின் சொத்தாக வைத்த சட்டம் அது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தானபோது நான் மனதார மகிழ்ந்தேன்.

குளச்சல் வாசகி: "வீட்டுக்காரர் மிரட்டியதால் உதவினேன்" என்று சொன்னால் நீதிமன்றம் விட்டுவிடுமா?

அந்த நிமிடமே கொன்றுவிடுவார் என்ற நியாயமான பயம் இருந்தால் மட்டும் சட்டம் கேட்கும். கொலை வழக்கில் அதுவும் செல்லாது. ஆனால் பல ஆண்டு அடி உதை வாங்கிய பெண்ணின் கதை, தண்டனையின் அளவைப் பற்றிப் பேசும்போது கேட்கப்பட வேண்டும். வக்கீல்கள் அதை முன்வைக்காமல் விடுவதுதான் எனக்குக் கோபம். குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னதும் நீதிபதி "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பார். கூண்டில் நிற்கும் பெண் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா" என்பாள். எழுத்தர் அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்வார். மருத்துவச் சீட்டுகளும் பழைய புகார் மனுக்களும் வக்கீலின் வழக்குக் கோப்பிலிருந்து அப்போது வெளியே வர வேண்டும்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: பிள்ளை இருக்கிறது என்பதால் உண்மையிலேயே தண்டனை குறைந்திருக்கிறதா, மேடம்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் படியுங்கள். 1999-இல் உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்கை உறுதி செய்தது. அவர்களில் ஒருவரான நளினி விஷயத்தில் மட்டும் மூன்று நீதிபதிகளும் ஒன்றுபடவில்லை. அப்பாவுக்கும் தூக்கு, அம்மாவுக்கும் தூக்கு என்றால் சிறையில் பிறந்த குழந்தை அனாதையாகும் என்று நீதிபதி கே.டி.தாமஸ் ஆயுள் போதும் என்றார். மற்ற இருவரும் ஏற்கவில்லை. 2000-இல் ஆளுநர்தான் அவருடைய தூக்கை ஆயுளாகக் குறைத்தார். மற்ற மூவருக்கு அது 2014-இல்தான் நடந்தது. ஆக, குறைந்தது உண்மை. ஆனாலும் 1991-இல் கைதான அவர் வெளியே வந்தது 2022 நவம்பரில்.

கருங்கல் வாசகர்: என் மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே ஒரு கொலைகாரனின் மனைவிக்கு வெறும் 12 ஆண்டு கொடுத்தார்களாம். இது அநியாயம் இல்லையா?

கார்லா ஹோமோல்கா வழக்கைச் சொல்கிறீர்கள். கணவர் பால் பெர்னார்டோவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டு 1993-இல் அரசுத் தரப்போடு உடன்பாடு செய்தார், 12 ஆண்டு கிடைத்தது. கணவருக்கு ஆயுள். அடிபட்ட மனைவி என்றே முதலில் நம்பினார்கள். பிறகு கிடைத்த வீடியோ நாடாக்களில் அவருடைய பங்கு வேறாகத் தெரிந்தது. உடன்பாட்டை மாற்ற முடியவில்லை, 2005-இல் வெளியே வந்துவிட்டார். ஆம், அநியாயம்தான்.

ஆனால் அங்கே தண்டனையைக் குறைத்தது பேரம். நம் நாட்டில் அதே பேரம் ஓர் ஆணைக் காப்பாற்றியிருக்கிறது. மகாராஷ்டிராவின் கோலாப்பூர் சகோதரிகள் வழக்கில், குழந்தைகளைக் கடத்திக் கொன்றதாக அக்காள் தங்கை இருவருக்கும் தூக்கு. அக்காவின் கணவரும் கூட இருந்தவர். அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி மன்னிப்பு பெற்றுவிட்டார். 2006-இல் உச்ச நீதிமன்றம் பெண்களின் தூக்கை உறுதி செய்தது. கருணை மனுவில் தாமதம் என்று 2022-இல்தான் மும்பை உயர் நீதிமன்றம் ஆயுளாக்கியது. யார் முதலில் வாய் திறக்கிறார் என்பது பல வழக்குகளில் பெரிய விஷயம்.

பூதப்பாண்டி வாசகர்: சிறையில் பெண்கள் சுமார் 4 சதவீதம்தானே? இதுவே சலுகைக்குச் சான்று இல்லையா?

இல்லை. கைதாகும் பெண்களே குறைவு.

இரணியல் வாசகி: வரதட்சணை வழக்கில் நாத்தனாரையும் மாமியாரையும் சேர்ப்பது சரியா அக்கா?

செய்திருந்தால் சேர்க்க வேண்டும். யார், என்றைக்கு, என்ன செய்தார் என்று புகாரில் இல்லாமல் குடும்பம் முழுவதையும் எழுதினால் நிற்காது. 2022-இல் உச்ச நீதிமன்றம் பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டில் கணவரின் உறவினர் மீதான வழக்கை ரத்து செய்திருக்கிறது. துன்பப்பட்ட பெண்ணின் நல்ல வழக்கும் இதனால் பலவீனமாகிறது.

குலசேகரம் வாசகர்: ஒரு வழக்கில் முதல் எதிரியான (குற்றம் சாட்டப்பட்டவரான) பெண்ணுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டாம் எதிரியான என் தம்பி உள்ளேயே இருக்கிறான். என்ன செய்வது?

அந்த ஜாமீன் உத்தரவின் சான்றிட்ட நகலை முதலில் வாங்குங்கள். பெண் என்ற ஒரே காரணம் எழுதியிருந்தால் தம்பிக்கு அது உதவாது. புலன் விசாரணை முடிந்தது, பொருள் கைப்பற்றப்பட்டது என்று எழுதியிருந்தால் அதே காரணம் தம்பிக்கும் பொருந்தும். அதைச் சொல்லி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் புதிதாக மனுப் போடுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியையும் பாருங்கள். 60 அல்லது 90 நாள் கெடுவுக்குள் தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் அவருடைய உரிமை. தாக்கலாவதற்குள் மனுச் செய்துவிட வேண்டும்.