இரண்டாவது சரணம் வரை கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாட்டைப் பற்றித்தான். பெரும்பாலும் நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. சரி, இந்த இதழ் பதில்கள் முழுக்கப் பாட்டுக்கே.

பழைய பாட்டா, புதுப் பாட்டா, எது உசத்தி? வீட்டில் எனக்கும் மகனுக்கும் தினமும் இதே சண்டை. பழசெல்லாம் இழுவை என்கிறான் அவன். புதுசில் வெறும் சத்தம்தான் என்கிறேன் நான்.
– வாசகி, தங்கச்சிமடம்

அம்மா, நீங்கள் இரண்டு பேர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். பல்லவி முடிந்து சரணத்துக்குள் போன பிறகும் அது உங்களை எழுந்து போக விடாமல் வைத்திருக்கிறதா? பல்லவி எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் கேட்கிறோம், கல்யாண வீட்டில் கேட்கிறோம், இப்போது போனில் அரை நிமிஷம் ஓடி அதோடு முடிந்தும் விடுகிறது. ஆனால் எழுதியவர் மனசில் கிடந்ததைக் கொட்டுகிற இடம் சரணம்தான்.

உங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1964-ல் வந்த ‘படகோட்டி’யில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘தரைமேல் பிறக்க வைத்தான்’. எழுதியவர் வாலி, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. பல்லவி தெரியாத ஆள் ராமேசுவரம் தீவிலேயே இருக்க முடியாது. சரணத்தில் ஓரிடத்தில், கடலுக்கு நடுவே போகிறவனுக்குக் குடிதண்ணீர் தர யார் இருக்கிறார்கள் என்று கேட்பார் பாருங்கள், எனக்கு அந்த இடம்தான் பாட்டு. இன்றைக்கும் விடிகாலையில் பாம்பன் கரையில் போய் நின்றால் தெரியும். டீசல் ஏறும், ஐஸ் ஏறும், வலை ஏறும், கடைசியில் குடிதண்ணீர் கேன் ஏறியதா என்று ஒருத்தர் குரல் கொடுத்துக் கேட்ட பிறகுதான் வள்ளம் நகரும். ஸ்ரீரங்கத்தில், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த வாலிக்கு இந்தத் தவிப்பு எப்படிப் பிடிபட்டது என்று ஒவ்வொரு தடவையும் வியந்து போகிறேன். அந்தப் படம் வந்த அதே வருஷம் டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயலில் தனுஷ்கோடி போனது, ரயிலும் ஜனங்களோடு சேர்ந்து போனது. அதற்குப் பிறகு நம்ம பக்கத்தில் அதை யாராவது வெறும் சினிமாப் பாட்டாகக் கேட்டிருப்பார்களா என்ன?

இப்போது மகன் பக்கம் வருவோம். ‘கடல்’ படத்தில் வரும் ‘நெஞ்சுக்குள்ளே’யைப் போடச் சொல்லி, அவனோடு உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். 2013-ல் வந்தது, வைரமுத்து வரிகள், ஏ.ஆர்.ரகுமான் இசை. சக்திஸ்ரீ கோபாலனின் குரலுக்கு வழிவிட்டு வாத்தியங்கள் எல்லாம் தள்ளி நிற்கும். சத்தம் என்று நீங்கள் சொல்வது அதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அப்புறம் அவனைத் ‘தரைமேல்’ கேட்கச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டில் வரும் வயசான குரல் யாருடையது? அந்தப் பாட்டு வந்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.
– வாசகர், மண்டபம்

எம்.எஸ்.விஸ்வநாதன். மேலே சொன்ன ‘படகோட்டி’க்கு இசையமைத்த இருவரில் ஒருவர். அந்தப் பாட்டு இருக்கும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படம் 2002-ல் வந்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தன்னைவிட ஒரு தலைமுறைக்கு மேல் இளையவரான ரகுமானின் இசையில், மற்றப் பாடகர்களோடு ஒருவராக நின்று பாடியிருக்கிறார். 1999-ல் ‘சங்கமம்’ படத்தின் ‘மழைத்துளி’ பாட்டிலும் ஹரிஹரனோடு அவர் குரல் இருக்கும். பழசு புதுசு என்று கோடு போடுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு பாட்டையும்தான்.

குரலில் பிசிறு இருக்கும், இளமை இருக்காது. அந்தப் பாட்டுக்கு வேண்டியதும் அதுதானே. ஊரை விட்டுப் படகேறுகிற கிழவர் அப்படித்தானே பாடுவார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது சினிமாக் காட்சி. இலங்கை அகதிகள் முகாமை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, படகில் வந்து இறங்கியவர்களை நேரில் பார்த்து வளர்ந்த மண்டபத்துக்காரருக்கு அப்படி இருக்காது. அப்பாவை உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவருக்குத் தோன்றும்போது அவரே சொல்வார்.

சுசீலாவா, ஜானகியா?
– வாசகி, சாயல்குடி

பகலில் சுசீலா, ராத்திரியில் ஜானகி. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ மட்டும் எந்த நேரத்திலும்.

எங்கள் தாத்தா காலத்தில் எல்லாரும் இலங்கை வானொலிதான் கேட்டார்களாமே. சென்னையைவிடக் கொழும்பு எப்படித் தெளிவாகக் கேட்டது?
– மாணவர், தேவிபட்டினம்

நல்ல கேள்வி தம்பி. காரணம் பாதி கடல், பாதி அரசாங்கம்.

கடல் எப்படி என்றால், மத்திய அலையில் வரும் ஒலிபரப்பு தரையை ஒட்டிப் பரவும். காய்ந்த மண்ணும் பாறையும் அதன் வலுவைத் தின்றுவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் கடல்மேல் வரும் அலை அவ்வளவு சீக்கிரம் சோர்ந்து போவதில்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும்தான். பொழுது சாய்ந்தால் இன்னும் நன்றாக எடுக்கும், ஏனென்றால் பகலில் அலையை உறிஞ்சுகிற வான்மண்டல அடுக்கு ராத்திரியில் கலைந்துவிடும்.

அரசாங்கம் எப்படி என்றால், 1952-க்குப் பிறகு அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. அப்போது ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக இருந்த கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்ற எண்ணம். ஜனங்கள் விடுவார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957-ல் சினிமாப் பாட்டுப் போடும் விவித பாரதி சேவை வந்துதான் இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. அதற்குள் நம்ம கரை முழுக்க இலங்கை அறிவிப்பாளர்களின் தமிழுக்குப் பழகிவிட்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்று தாத்தாவிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார், அவர் முகத்தைப் பார். ‘பொங்கும் பூம்புனல்’ என்று அந்த நிகழ்ச்சியின் பெயரை மட்டும் சொன்னால்கூடப் போதும். படத்தின் பெயர், எழுதியவர், இசை, பாடியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். எழுதியவர் பெயரைச் சொல்லி ஒரு பாட்டை அறிமுகம் செய்யும் மரியாதையை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இன்றைக்குப் போன் ஆப்பில் பாடலாசிரியர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

நாகூர் ஹனிபாவின் பாட்டில் உங்களுக்குப் பிடித்தது?
– வாசகர், ஏர்வாடி

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். கோயில் திருவிழா குழாய் ஸ்பீக்கரிலும் அது கேட்கும், சர்ச் திருவிழாவிலும் கேட்கும், யாரும் ஏன் போட்டாய் என்று கேட்டதில்லை. ஊர்ப் பெயர் நாகூர் என்று ஒட்டிக்கொண்டாலும் 1925-ல் அவர் பிறந்தது ராமநாதபுரத்தில். அந்தப் பெருமை நமக்கு உண்டு, விட்டுக்கொடுக்க வேண்டாம். டி.எம்.எஸ்ஸோடு அவர் பாடிய ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ கேட்டிருக்கிறீர்களா? 1961-ல் வந்த ‘பாவமன்னிப்பு’. இரண்டு பெரிய குரல்கள், ஒன்றையொன்று அமுக்கப் பார்க்காமல் தோளோடு தோள் போகும்.

கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் தலைமுறைப் பாட்டு ஒன்றையாவது மனசாரப் பாராட்டுவீர்களா அக்கா?
– மாணவி, கீழக்கரை

மனசாரவே சொல்கிறேன் தங்கச்சி, ‘என்ஜாய் எஞ்சாமி’. தீ, அறிவு என்ற இரண்டு பாடகர்கள் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021-ல் வந்தது. சினிமாவே இல்லாமல் வந்து சினிமாப் பாட்டைவிட ஊரெல்லாம் பரவியது. முதல் தடவை கேட்டபோது ஆடத்தான் தோன்றியது. அப்புறம் வரிகளைக் காது கொடுத்துக் கேட்டேன். அதில் பேரோடு வரும் வள்ளியம்மா, அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பியவர். அந்தத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் நம்ம மண்டபம் முகாமில் தங்கித்தான் கடல் தாண்டின, பல வருஷம் கழித்து ராமேசுவரத்தில் கப்பல் இறங்கித்தான் திரும்பின. ஒப்பாரிச் சாயலில் அந்தப் பாட்டு இழுத்துப் போகும் இடத்தில் ஆட்டம் நின்று தொண்டை அடைக்கும். காடு வெட்டி, தோட்டம் போட்டு, அதில் தனக்கென்று ஒரு பிடி மண் இல்லாதவர்களின் கதையைக் குதித்துக்கொண்டே பாட வைத்திருக்கிறார்கள். இதைவிடத் துணிச்சலான பாட்டு சமீபத்தில் நான் கேட்கவில்லை.

அப்பா கரைவலை இழுத்தவர். அவருக்கு அம்பாப் பாட்டு நிறையத் தெரியும். எனக்கு ஒரு வரிகூட வராது. எப்படியாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஆசை.
– வாசகர், தொண்டிப் பக்கம் ஒரு கிராமம்

எனக்கு இருக்கும் பாட்டு ஆசைகளிலேயே பெரியது இது அண்ணே, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இசைத்தட்டும் ரேடியோவும் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்த பாட்டு அம்பாதான். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்க, வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு மறுமுனையோடு வேறு இடத்தில் கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ ஐலசா’ என்று வாங்கிக்கொள்வார்கள். அந்த ‘ஐலசா’வில்தான் கால் மணலில் ஊன்றும், கயிறு ஒரு முழம் ஏறும். மீன் சேர்ந்த வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டும் வேகம் பிடிக்கும். சாமி வரும், மாதா வரும், சம்சாரத்தைக் கேலி பண்ணுவது வரும், அன்றைக்கு வேலைக்கு வராதவனைத் திட்டுவதும் வரும். இன்றைக்குப் பாடியதை நாளைக்கு அப்படியே பாட மாட்டார்கள்.

அதனால் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து ‘பாடுங்கப்பா’ என்றால் நாலு வரியோடு நின்றுவிடுவார். கை சும்மா இருந்தால் அம்பா வராது. தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் கரைவலை இழுக்கிறார்கள், முடிந்தால் ஒருநாள் அழைத்துப் போய்க் கயிற்றைப் பிடிக்க விடுங்கள். முடியாவிட்டால் அவர் வயசுக்காரர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைத்து, வாங்கிப் பாட ஆள் இருக்கும்படி செய்யுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள், வாங்கிப் பாட ஆள் கிடைக்கும். போனைத் துணியில் சுற்றி, காற்று அடிக்காத பக்கமாக வையுங்கள், கடற்கரைக் காற்று பதிவைப் பாழாக்கிவிடும். பதிந்த பிறகு அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாக எழுதி வாங்குங்கள். புரியாத சொல் வந்தால் அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எந்த வரி எந்த இழுப்புக்கு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதில் ஒரு நகலை நம்ம பத்திரிகைக்கு அனுப்பினால், அப்பா பெயரோடு முழுசாகப் போடுகிறேன், ஒரு சரணத்தைக்கூட வெட்ட மாட்டேன்.