ஸ்டென்ட் வைத்த அப்பா காவடி எடுக்கலாமா?

கேள்வி: மொரீஷியஸில் குவாத்ர் போர்னில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. ஆகஸ்டில் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். முப்பது வருடமாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார். நாக்கிலும் முதுகிலும் அலகு குத்திக்கொள்வார். "உயிரைக் கொடுத்தவனுக்கு இந்த வருஷம் எடுக்காமல் இருப்பேனா?" என்கிறார். விரதம் தொடங்கும் அன்றே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டால், குத்தும்போது ரத்தம் வராது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் வருகிறேன். அந்த மாத்திரையை ஒரு நாள்கூட விட விடாதீர்கள். காவடியைவிட இந்த யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்டென்ட் என்பது சின்னக் கம்பி வலைக் குழாய். ரத்தத்துக்கு அது வேற்றுப் பொருள். அதன் உட்புறம் மெல்லிய சவ்வு வளர்ந்து மூடும்வரை, தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு கட்டி தட்டப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அட்டாக் வந்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருடம். அப்பாவுக்குப் பாதிக் காலம்தான் ஆகியிருக்கும். இப்போது நிறுத்தி, ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொண்டால் வருவது பெரிய அட்டாக். பலர் அதில் பிழைப்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. க்ளோபிடோக்ரெலை நிறுத்தினால் அதன் வேலை முழுதாக அடங்க 5 முதல் 7 நாள் ஆகும். பத்து நாள் விரதத்தின் முதல் நாளில் நிறுத்துகிறவர், உடம்பு வாடி, வெயிலில் பாரம் தூக்கி நடக்கும் அந்த ஒரு நாளில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்பார். ரத்தம் வராது என்று நம்பும் நாளும், ஸ்டென்ட் அடைக்க வாய்ப்பு கூடும் நாளும் ஒன்றுதான்.

மாத்திரை தொடரும் என்றால் இந்த வருடம் அலகு வேண்டாம். முதுகில் குத்திய இடம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம். நாக்கு அப்படியில்லை. ரத்தக்குழாய் நிறைந்த இடம்; வீங்கினால் மூச்சுக்கே இடைஞ்சல். அப்புறம், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்திருப்பார்களே? நாக்கில் வேல் இருந்தால் அதை எங்கே வைப்பது? (செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை: வாயில் குத்தினால் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காரலாம். உங்களுக்கு எந்த வருடமும் வேண்டாம்.)

சரி, அலகில்லாத காவடி? தோளில் பாரம், மேலே தூக்கிப் பிடித்த கைகள். இப்படி இறுக்கிப் பிடிக்கும் உழைப்பில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நம் ஊர்த் தைப்பூசம் நடுக்கோடையில் வருகிறது. சுடும் தார் ரோட்டில் வெறுங்கால். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. கோர் த கார்த் மலைச் சரிவுக் கோயிலென்றால் கடைசியில் படிகள் வேறு. ட்ரெட்மில் பரிசோதனை செய்து, உங்கள் இதய மருத்துவர் சரியென்றால், சின்னப் பால்குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் கடைசிப் பகுதியை மட்டும் நடக்கலாம். காவடி மகன் தோளிலோ மருமகன் தோளிலோ ஏறட்டும். இதில் நேர்த்திக்கடன் குறையுமா என்று நான் சொல்ல முடியாது. குருக்களிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவர்கள் நம்மைவிட இளகிய மனசுக்காரர்கள்.

விரதம் இருக்கலாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. ஒரு வேளைச் சாப்பாட்டோடு க்ளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதன் அளவையும் பார்க்க வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கேப்சூல் உறையில் ஜெலட்டின் இருக்கும், அது சைவமில்லை என்று சிலர் ரகசியமாக விட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குத் தரும் ஒமெப்ரசோல் பெரும்பாலும் கேப்சூல்தான். பான்டோபிரசோல் மாத்திரையாகவே கிடைக்கிறது. க்ளோபிடோக்ரெலோடு அதுதான் நன்றாகவும் ஒத்துப்போகும். வாய்விட்டுக் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

விரதம் முடிந்து சாப்பிடும் ஏழு சைவக் கறி விருந்தை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு நாள்தானே. வீட்டில் தினமும் ஊற்றும் எண்ணெய்தான் கணக்கு. 1987இல் இங்கே ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றினார்கள். 1992இல் அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகியிருந்தது. எண்ணெய் மட்டுமே காரணமில்லை, ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அன்றைக்கு யாராவது ஒருவர் அவர் கூடவே நடக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே அட்டாக் வரும்; குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குவது, தாடையில் இறுக்கம், காரணமில்லாத களைப்பு என்று காட்டும். வெயில்தான் என்று உட்கார வைத்து விசிறாமல் உடனே 114க்கு போன் செய்து சாமுவை (அவசர மருத்துவ உதவி) அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் போன வருடக் காவடியை வீட்டுத் தராசில் வைத்து எடை பாருங்கள். "கொஞ்சம் கனம்தான்" என்று அப்பா சொல்வதைவிட, இத்தனை கிலோ என்று நீங்கள் சொன்னால் மருத்துவருக்கு முடிவெடுக்க எளிது.