‘ஹோரியம்’ என்ற லத்தீன் சொல்லைத் தமிழில் ‘களஞ்சியம்’ என்று எழுதலாமா?

எழுதலாம், பாதி இடங்களில் தவறாகப் போகும். ரோமானிய வரலாறு எதையோ மொழிபெயர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அகராதி ‘தானியக் களஞ்சியம்’ என்று சொல்லியிருக்கும். அடுத்த பக்கத்தில் அதே சொல்லோடு மிளகு வந்து நின்றிருக்கும்.

நான் லத்தீன் பண்டிதன் அல்ல, ரோமுக்குப் போனதும் இல்லை. அதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்களுடையது விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம். கிடங்கு வாடகை கட்டியே நரைத்தவன் என்ற தகுதியில்தான் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஒருமையில் ஹோரியம், பன்மையில் ஹோரியா. தானியம் வைக்கும் இடம் என்பதுதான் பழைய பொருள். பேரரசுக் காலத்துக்குள் எந்தச் சரக்கு வைக்கும் கட்டிடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. ரோமில் பாப்பிரஸ் தாளுக்கு ஒரு ஹோரியம், மெழுகுவர்த்திக்கு ஒன்று. மிளகுக்கும் மற்ற வாசனைச் சரக்குக்கும் கி.பி. 92 வாக்கில் பேரரசர் தொமிதியன் கட்டியது ‘ஹோரியா பிப்பெரத்தாரியா’. முசிறியிலிருந்து கப்பலேறிய மிளகு போய்ச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதை ‘மிளகுக் களஞ்சியம்’ என்று எழுதினால் ஏதோ பண்ணையார் வீட்டுப் பத்தாயம் போலிருக்கிறது. அது அரசன் கட்டிய கிடங்கு.

எல்லாமே அரசுடையவை அல்ல. ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவில் எபகாத்தஸ், எபஃப்ரொதிதஸ் என்ற இருவரின் பெயர் வாசலுக்கு மேல் பளிங்குக் கல்லில் பொறித்த கிடங்கு இன்னும் நிற்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கட்டிடம். இருவரும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் என்கிறார்கள்.

என்னை உட்கார வைத்தது வாடகை விதிக் கல்வெட்டுதான். பேரரசருக்குச் சொந்தமான ஹோரியாவில் என்னென்ன வாடகைக்கு உண்டு என்று அதில் பட்டியலே இருக்கிறது: அறைகள், அலமாரிகள், இரண்டு தூண்களுக்கு நடுவில் கிடக்கும் வெற்றிடம்கூட! பிறகு விதிகள். வாடகை பாக்கி வைத்தால் உள்ளே வைத்த சரக்கு கிடங்குக்காரருக்கு அடமானம். கொண்டுவந்து வைக்கும் பொருளின் காவலுக்கு உத்தரவாதம் கிடையாது.

இந்தக் கடைசி விதியைப் படித்ததும் எனக்கு எங்கள் கிடங்குக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு ஐப்பசி மழையில் கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கியது. சாக்கு வெளியே காய்ந்துதான் இருந்தது. வாயைப் பிரித்துக் கைவிட்டால் உள்ளே வற்றல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, காம்பு கறுத்து, பூசணம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கேட்டதற்கு ரசீதைத் திருப்பிக் காட்டினார்: ‘சரக்குச் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்து. காப்பீட்டுக்காரர்கள் வந்தார்கள். மழைக்கு முன் எடுத்த புகைப்படம் இருக்கிறதா என்றார்கள். நனையாத மூட்டையை யாராவது புகைப்படம் எடுத்து வைப்பார்களா? பிரீமியம் வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

எல்லாக் கிடங்குக்காரர்களும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல கிடங்கும் எரியும். பேரரசுக் கால மருத்துவர் கேலன் தம் நூல்களையும் மருந்துகளையும் கருவிகளையும் ரோமின் புனிதச் சாலை அருகே ஒரு கிடங்கறையில் வைத்திருந்தார். கதவைத் தவிர மரமே இல்லாத கட்டிடம், பக்கத்தில் குடியிருப்பு இல்லை, அரசு ஆவணங்கள் இருந்ததால் படைவீரர் காவல். அதனாலேயே அங்கே வாடகை அதிகம் என்று அவரே எழுதியிருக்கிறார். கி.பி. 192ஆம் ஆண்டுத் தீயில் அத்தனையும் சாம்பல். நூல்களின் பிரதிகளைக் கோடை தொடங்கியதும் தெற்கு இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்புவதாக இருந்தாராம். தீ அதற்கு முன்பே வந்துவிட்டது. இதையெல்லாம் சொல்லும் அவருடைய கடிதம் 2005இல்தான் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கியில் ஒரு மடத்துச் சுவடியில் அகப்பட்டது.

ஆகவே ரோம், ஓஸ்தியா என்று வந்தால் ‘கிடங்கு’ என்றே எழுதுங்கள். தானியம் என்று மூலத்தில் தெளிவாக இருந்தால் மட்டும் ‘தானியக் கிடங்கு’. வேண்டுமானால் முதல் தடவை ‘ஹோரியம்’ என்று போட்டு விளக்கிவிடலாம். ‘ஹோரியாக்கள்’ மட்டும் வேண்டாம், பன்மைக்கு மேல் பன்மை. ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியாவிலும் அஸ்தூரியாஸிலும், இதே சொல் ‘ஒர்ரியோ’ என்று உயிரோடு இருக்கிறது. அது கால்கள் மேல் தூக்கி நிறுத்திய சின்னக் கட்டிடம். எலி ஏறாதபடி ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தட்டைக் கல் வைத்திருப்பார்கள். உள்ளே பெரும்பாலும் மக்காச்சோளம். அதற்குத் தாராளமாகக் ‘களஞ்சியம்’ என்று எழுதலாம்.