பள்ளிச் சுவரில் பிள்ளைகள் வரைவதை ஓவியர் திருத்தலாமா?

கேள்வி: நான் ஓவியன். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளோடு சேர்ந்து சுவரோவியம் வரையக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் வரைவது சரியாக வராவிட்டால் நான் திருத்தலாமா?

திருத்தாதீர்கள். நான் திருத்தியவன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. கையில் நாலு நாள்தான் இருக்கும். பெயிண்ட்டுக்குப் பணம் கொடுத்தவர் திறப்பு விழாவுக்கு வருவார். தலைமையாசிரியருக்குச் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2019-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஊர்க் குளத்தை வரைந்தாள். நடுவில் நீலச் சதுரம், நாலு கரையிலும் தென்னை மரங்கள். வடகரை மரங்கள் நேராக நின்றன. கிழக்கிலும் மேற்கிலும் படுத்துக் கிடந்தன. தென்கரை மரங்கள் தலைகீழாக இருந்தன. சாயங்காலம் பார்க்க வந்த தலைமையாசிரியர், "என்ன சார், கஜா அடிச்ச மாதிரி மரமெல்லாம் விழுந்து கிடக்கு" என்றார். புயல் அடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் தென்னை இழக்காத வீடு இல்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகள் போன பிறகு நான் வெள்ளை அடித்து மறைத்து, எல்லா மரத்தையும் எதிர்க்கரையில் வரிசையாக நிறுத்தினேன். அரை மணி நேர வேலை.

மறுநாள் காலையில் அவள் வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "சார், நான் குளத்துக்கு நடுவுல நின்னு பாத்தேன். எந்தப் பக்கம் திரும்புனாலும் மரம் இருந்துச்சு" என்றாள். கோபமெல்லாம் இல்லை, எனக்கு விளக்கிச் சொன்னாள், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு நாளும் மற்றவர்களின் பிரஷ் கழுவிக் கொடுத்தாள். சுவர்ப் பக்கம் வரவே இல்லை.

நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். எகிப்தில் நெபமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் இருந்த தோட்டத்துப் படத்தை வகுப்பில் காட்டியிருக்கிறார்கள். 3,300 ஆண்டுகளுக்கு மேல் பழையது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் குளம் மேலிருந்து பார்த்தது போலவும், கரை மரங்கள் பக்கவாட்டில் பார்த்தது போலவும் இருக்கும். அதை வியந்து குறிப்பெடுத்தவன், அதே பார்வையில் ஒரு பிள்ளை வரைந்தபோது பிழை என்று அழித்துவிட்டேன்.

இதைப் படிக்கும் ஓவிய ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எதையும் சொல்லித் தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. "சார், மாட்டுக் கால் வரல" என்று ஒரு பிள்ளை கேட்டால் தனித் தாளில் வரைந்து காட்டுகிறேன். பார்த்துவிட்டு அது தன் கையால் போடட்டும். சுவரில் மட்டும் நான் கை வைப்பதில்லை.

நம் வேலை வேறு. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி பிரைமர் அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே உரிந்துவிடும், அதைச் செய்யுங்கள். வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் என்ற நிறச்சாயம் கலந்து நிறம் செய்து கொடுங்கள், செலவு குறையும். எனாமல் வேண்டாம், அதில் கலக்கும் டர்பன்டைன் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. கீழே நாலடி உயரம் முழுக்க அவர்களுக்கு விடுங்கள். கை எட்டாத மேல்பகுதியில் உங்கள் திறமையைக் காட்டுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான். அந்தச் சுவருக்கு எனக்குப் பேசிய தொகையில் பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டதற்கு, "குழந்தைகளுக்குச் செய்யும் சேவைதானே" என்றார்கள். பெயிண்ட் கடைக்காரரிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. பல வருஷம் மே மாதத்துக்கு அதுவும் கிடையாது. அவர்களில் என் நண்பர் ஒருவர் கோடையில் விளம்பரப் பலகை எழுதித்தான் வீட்டு வாடகை கட்டினார். கணக்கு டீச்சர் ஓவிய பீரியடை வாங்கிக்கொள்வதைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் வரைந்ததைத் தொட மாட்டேன் என்று தலைமையாசிரியரிடம் முதல் நாளே, பிரைமர் அடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய சாயங்காலம் சொன்னால் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்களாலும் உறுதியாக நிற்க முடியாது.