ஆய்வுக்கூடத்தில் உங்கள் உடல்நலமும் பாதுகாப்பும்: கேள்வி பதில்

பெங்களூருவின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் வேலை செய்யும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆய்வுக்கூடப் பாதுகாப்பே என் வேலை. கேட்டவர்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நீக்கிவிட்டேன். "நான் நிரந்தர ஊழியர் இல்லை, இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை உண்டா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்துக்குள் காலடி வைக்கும் எல்லோருக்கும் உண்டு. பேராசிரியருக்கு எவ்வளவோ, குப்பை எடுப்பவருக்கும் அவ்வளவே.

கே (வேதியியல் முதலாண்டு ஆய்வு மாணவி): அக்கா, கண்ணில் ஏதாவது தெறித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டுமா? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதலில் கழுவுங்கள். குறைந்தது 15 நிமிடம், இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, ஓடும் நீரில். வலியில் இருப்பவருக்கு இரண்டு நிமிடமே வெகுநேரமாகத் தோன்றும். எனவே பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். யஷ்வந்த்பூரிலிருந்து மின்டோ கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர இந்த ஊர்ப் போக்குவரத்தில் எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். கழுவாமல் கிளம்பினால் அவ்வளவு நேரமும் அந்த வேதிப்பொருள் கண்ணுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். அமிலத்தைவிடக் காரம் கண்ணை ஆழமாக அரிக்கும். போகும்போது அந்த வேதிப்பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன பட்டது?" என்பதுதான்.

உங்கள் கூடத்தில் உள்ள கண் கழுவும் குழாயை நாளைக்கே திறந்து பாருங்கள். வாரம் ஒருமுறை ஓடவிடாத குழாயிலிருந்து துருத் தண்ணீர்தான் வரும்.

கே (தொழில்நுட்ப உதவியாளர்): கிளீன் ரூம் (தூசு புகாத ஆய்வறை) வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். சிலிக்கன் தகட்டின் ஆக்சைடை நீக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்துகிறோம். மற்ற அமிலங்களைப் போலத்தானே இதுவும்?

இல்லை. இதை உங்கள் எதிரில் நின்று சொல்ல முடியவில்லையே என்று இருக்கிறது.

அடர் சல்ஃபூரிக் அமிலம் பட்டால் எரியும், கையை இழுத்துக்கொள்வீர்கள். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் போகலாம். அதற்குள் ஃபுளோரைடு தோலைக் கடந்து இறங்கி, உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். அடர்ந்த அமிலம் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டாலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இதற்கு முதலுதவி 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. பட்டவுடன் நனைந்த ஆடையைக் களைந்து, 5 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, கையுறை போட்ட விரலால் களிம்பைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். வலி இல்லை என்று நின்றுவிடாதீர்கள். களிம்பு எங்கே இருக்கிறது, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் அமிலப் பாட்டிலைத் தொடவேண்டாம். தனியாக இருக்கும்போதும் வேண்டாம். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி இருக்கிறதா என்று உங்கள் நிறுவனம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கவேண்டும். விசாரித்தார்களா என்று கேளுங்கள்.

கே (ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், மகன் எழுதி அனுப்பியது): மேடம், சிவப்புக் கழிவுப் பையைத் தூக்கும்போது அம்மாவின் கையில் ஊசி குத்திவிட்டது. டெட்டால் போட்டுக்கொள், யாரிடமும் சொல்லாதே என்று சூப்பர்வைசர் சொன்னாராம்.

தம்பி, கேள்வி வந்த அன்றே உன்னோடு பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

குத்திய இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவவேண்டும். பிதுக்கக் கூடாது, டெட்டால் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் சாப்பிடவேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

அம்மா மீது எந்தத் தவறும் இல்லை. ஊசி சிவப்புப் பைக்கு வந்திருக்கவே கூடாது. துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் ஊசியைப் போடவேண்டியது அதைப் பயன்படுத்திய ஆய்வாளரின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கும் பொருந்தும். இந்தக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையும் தரவேண்டும் என்று அவை சொல்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கவேண்டும். சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அட்டை தரவில்லை என்றால் ஒப்பந்ததாரரிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ராஜாஜிநகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

இந்த ஊரில் கழிவுப் பை சுமப்பவர்களில் பலர் தமிழோ தெலுங்கோ பேசுகிறவர்கள். பையின் மேல் உள்ள எச்சரிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்க முடியாத எச்சரிக்கையை ஒட்டிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, படத்தையும் போடுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் வாயால் சொல்லுங்கள்.

கே (முதுநிலை ஆய்வாளர்): நைட்ரைல் கையுறையும் லேப் கோட்டும் போட்டால் போதாதா?

எந்தப் பொருளுக்கு என்பதைப் பொறுத்தது. மெல்லிய நைட்ரைலை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் சில நிமிடங்களுக்குள் கடந்துவிடும். 1996இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறை மேல் டைமீத்தைல் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டுகள் விழுந்தன. அது கையுறையைக் கடந்து தோலுக்குள் போனது. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். தன் துறையில் தேர்ந்த வல்லுநர் அவர்.

ஆடையும் முக்கியம். 2008 டிசம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் தீப்பற்றியபோது, லேப் கோட் இல்லாமல் செயற்கை இழை ஸ்வெட்டர் அணிந்திருந்த இளம் ஆய்வு உதவியாளர் தீக்காயமடைந்து, பின்னர் உயிரிழந்தார். நம் ஊர் டிசம்பர் குளிரிலும் பலர் அப்படிப்பட்ட ஸ்வெட்டரோடுதான் கூடத்துக்குள் வருகிறார்கள். பருத்தி அணியுங்கள்.

கே (பெயர் வேண்டாம்): எக்ஸ்ரே கருவியில் வேலை செய்கிறேன். கருவுற்றிருக்கிறேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

வாழ்த்துகள். வீட்டாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் மட்டும் இந்த வாரமே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி, ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை அனுமதி. கருவுற்றதை அறிவித்த பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் அறிவித்தால்தான் அந்தக் கணக்கு தொடங்கும். கதிர்வீச்சை அளக்கும் பதக்கத்தை அணியாத நேரத்தில் எக்ஸ்ரே அறையில் தொங்கவிடாதீர்கள், கணக்கே தவறிவிடும்.

விடுப்பு: ஊழியர் என்றால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிஎச்.டி. மாணவி என்றால் யு.ஜி.சி. விதிப்படி 240 நாள் வரை.

கே (துறை அலுவலகம்): பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். பழைய சாமான்களை ஏலம் விடச் சொல்கிறார்கள்.

ஒவ்வொன்றும் என்னவென்று தெரியும்வரை எதையும் வெளியே அனுப்பாதீர்கள். 2010இல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை பழைய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை ஏலத்தில் விற்றது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரியில் அதைப் பிரித்த பழைய இரும்புத் தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஒருவர் இறந்தார். எந்தப் பரிசோதனையிலும் பங்கில்லாத மனிதர் அவர்.

ஈதர் பாட்டில் பழையதாகி, மூடியில் படிகம் தெரிந்தால் திறக்கவே வேண்டாம், அந்தப் படிகம் பெராக்சைடு, வெடிக்கும். வாயு சிலிண்டர்களை நிறுத்திச் சங்கிலியிட்டு வைத்து, விற்றவரைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த வெடிப்பில் ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்ததையும் மூவர் காயமடைந்ததையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கே: திரவ நைட்ரஜனோடு லிஃப்டில் போகலாமா?

கூடாது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும் உணர்வுகூட வராமல் மயங்கிவிடுவீர்கள். கலனை மட்டும் லிஃப்டில் அனுப்பி, ஆள் படியேறட்டும். இடையில் யாரும் ஏறாதபடி எச்சரிக்கை மாட்டுங்கள்.

கே (நான்காமாண்டு ஆய்வு மாணவர்): இரவெல்லாம் கூடத்திலேயே இருக்கிறேன். தூக்கமில்லை. எதற்காக வாழ்கிறோம் என்று தோன்றுகிறது. இதையெல்லாம் இங்கே கேட்கலாமா அக்கா?

கட்டாயம் கேட்கலாம் தம்பி. இன்றே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அரசின் இலவசச் சேவை, எந்த நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரிலேயே இருக்கிறது. தூக்கம் கெட்ட உடம்போடு இரவில் தனியாக வேதிவினை எதையும் வைக்காதீர்கள், ஆய்வேடு காத்திருக்கும். என் எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இன்று மாலைக்குள் பேசுங்கள்.

கே: குடுவை உடைந்தது, யாருக்கும் காயமில்லை. அதையும் எழுதவேண்டுமா?

எழுதவேண்டும். தேதி, நேரம், என்ன பொருள், எவ்வளவு, யார் உடனிருந்தார்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்ற விவரங்கள் போதும். பதிவேடு இல்லையென்றால் துறைத் தலைவருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் மின்னஞ்சலாக அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.