பொறுப்பு வேறு, பழி வேறு: கேள்வி பதில்

தன்னம்பிக்கை, பழக்கம், பொறுப்பு ஆகியவை பற்றி வாசகர்களிடமிருந்து வந்திருந்த கேள்விகள் அனைத்தையும் இரண்டு முறை படித்தேன். மனநல ஆலோசகராக நான் நேரில் கண்டதையும், உளவியல் ஆய்வுகளிலிருந்து கற்றதையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்து, சட்டம், சோதிடம் ஆகியவை என் துறைக்குள் வராதவை என்பதால் அவற்றைத் தொடவில்லை. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடங்களில் முதலில் வந்ததற்கு மட்டும் விரிவாக எழுதியுள்ளேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று, “நான் தன்னம்பிக்கை நிறைந்தவள், எல்லோரும் என்னை விரும்புகிறார்கள்” என்று உரக்கச் சொல்லி வருகிறேன். மூன்று மாதங்கள் ஆகியும் மனம் முன்னைவிடச் சோர்ந்துதான் இருக்கிறது. என் நம்பிக்கையில் குறை இருக்கிறதா?

பதில்: உங்கள் நம்பிக்கையில் எந்தக் குறையும் இல்லை. 2009-இல் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், “நான் அன்புக்குரியவன்” என்ற பொருள்படும் வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து பார்த்தார்கள். தம்மைப் பற்றி ஏற்கெனவே உயர்வாக எண்ணியவர்களுக்கு அது சிறிதளவு உதவியது. தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்தார்கள். இந்த மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது ஒவ்வாமல் போகிறது என்பதை நான் ஆலோசனை அறையிலும் பலமுறை கண்டிருக்கிறேன். மனம் நம்பாத ஒன்றை உரக்கச் சொல்லும்போது, அதற்கு எதிரான சான்றுகளை அதே மனம் ஒவ்வொன்றாக எடுத்து முன்வைக்கிறது. “எல்லோரும் என்னை விரும்புகிறார்கள்” என்றதும், விரும்பாத இருவரின் முகம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

மறுப்பதற்கு இடமில்லாத சிறிய உண்மையொன்றைச் சொல்லிப் பாருங்கள். “நேற்றுக் கூட்டத்தில் பேச அஞ்சினேன், அஞ்சிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டேன்” என்பது போன்ற வாக்கியத்தோடு மனம் வழக்காடாது. நாளைக்கு இன்னொரு கேள்வி கேட்பதற்கும் அது வழி விடும். இந்தப் பயிற்சி பயன் தராத எவரும் அதைத் தம் நம்பிக்கைக் குறையாக எண்ண வேண்டாம் என்பதை எல்லோருக்குமாகச் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: தேர்வில் வெற்றி பெற்றதாகவே கற்பனை செய்துகொண்டு படித்தால் வெற்றி கிட்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எதிர்பார்ப்புக்கும் கற்பனைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு, உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. காப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர், உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த பெண்களிடம் இவை இரண்டையும் தனித்தனியே கேட்டறிந்து, 1991-இல் முடிவுகளை வெளியிட்டார். தம்மால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தார்கள். மெலிந்த பின் எவ்வளவு அழகாக இருப்போம் என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்களோ குறைவாகவே எடை குறைந்தார்கள். எதிர்பார்ப்பு என்பது நாம் முன்பு செய்து முடித்தவற்றிலிருந்து எழுவது. இனிய கற்பனையோ அடையாததை அடைந்துவிட்ட நிறைவை முன்கூட்டியே தந்து, முயற்சிக்கு வேண்டிய ஊக்கத்தைத் தளர்த்திவிடுகிறது.

ஆகவே வெற்றியைக் கற்பனை செய்யுங்கள். உடனே, அதற்குத் தடையாக உங்களுக்குள்ளேயே இருப்பது எது என்றும் நேர்மையாகக் கேளுங்கள். கைபேசியா, கடினமான பாடத்தைத் தள்ளிப்போடும் பழக்கமா என்பது தெரிந்தவுடன், பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் வகுத்த முறைப்படி, “இது நேர்ந்தால் இதைச் செய்வேன்” என்று திட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். “காலையில் கைபேசியை எடுக்கத் தோன்றினால், அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு முதல் கணக்கைப் போடுவேன்” என்று எழுதிவைப்பவருக்கு, அந்த நொடியில் புதிதாக முடிவெடுக்கும் சுமை இருக்காது.

கேள்வி: 21 நாட்கள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமா?

பதில்: ஆகாது. முக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாட்கள் ஆகின்றன என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து பரவிய எண் இது. “குறைந்தது” என்ற சொல் நாளடைவில் உதிர்ந்துவிட்டது. ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரியவந்தது.

கேள்வி: எதிர்மறை எண்ணங்களை மனத்திலிருந்து முற்றிலும் விரட்டுவது எப்படி?

பதில்: விரட்ட முனையாதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொல்லி, நினைத்தால் மணியை அடிக்கச் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அத்துடன், தடை நீக்கப்பட்ட பிறகு அவர்கள், தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிடக் கூடுதலாக அந்தக் கரடியை நினைத்தார்கள். ஓர் எண்ணம் வரவில்லையா என்று காவல் காப்பதற்கே அந்த எண்ணத்தை மனம் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

வந்த எண்ணத்தை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதன் கீழே, அது உண்மை என்பதற்குச் சான்று என்ன, உண்மையல்ல என்பதற்குச் சான்று என்ன என்று இரண்டையும் எழுதுங்கள். உண்மை என்று தெரிந்தால், இன்று நான் செய்யக்கூடியது என்ன என்பதை மூன்றாவதாக எழுதுங்கள். நல்ல எண்ணம் என்று நான் மதிப்பது, ஒரு செயலில் போய் முடியும் எண்ணத்தைத்தான்.

கேள்வி: கெட்ட எண்ணங்களே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எப்போதும் நேர்மறையாகவே சிந்திக்க ஏதேனும் வழி உண்டா?

பதில்: எப்போதும் அப்படிச் சிந்திக்கத் தேவையில்லை. இழப்பின்போது துயரப்படுவதும், அநீதியைக் கண்டு சினம் கொள்வதும் மனம் சரியாக இயங்குவதன் அடையாளங்கள். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனச்சோர்வு நீடித்தாலோ, எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நாட்களை எண்ணாமல் அன்றே செல்லுங்கள். அந்நிலையில் உள்ள ஒருவரிடம் “நல்லதையே நினை” என்று எவரும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்தில் யார் உதவி கேட்டாலும் செய்துவிடுகிறேன். இப்போது என் வேலை தேங்கிவிட்டது. அவர்கள் மீது வெறுப்பும் வருகிறது. கருணையோடு இருப்பது தவறா?

பதில்: “முடியாது” என்று சொன்னால் என்ன நேரும் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். அவர் முகம் சுளிப்பார், என்னைத் தவறாக நினைப்பார் என்ற பதில் வந்தால், அந்த உதவி அச்சத்தினால் செய்யப்பட்டது. அச்சத்தில் செய்த உதவி மனத்துக்குள் கடனாகப் பதிவாவதால்தான், அது திருப்பித் தரப்படாதபோது வெறுப்பாக மாறுகிறது. உள்ளன்போடு செய்த உதவிக்கு இப்படிக் கணக்கு இருப்பதில்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் செய்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு ஐந்து உதவிகளைப் பல நாட்களில் பரப்பிச் செய்தவர்களைவிட, ஒரே நாளில் செய்தவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. நீங்களும் உங்களுக்கு வசதியான ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே உதவிப் பாருங்கள். மற்ற நாட்களில் “இன்று இயலாது, வியாழக்கிழமை பார்க்கிறேன்” என்று சொல்லலாம்.

கேள்வி: “தீதும் நன்றும் பிறர்தர வாரா” என்று கணியன் பூங்குன்றனார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். நமக்கு நேரும் தீமை எல்லாவற்றுக்கும் நாமே காரணம் என்று ஏற்பதுதானே பொறுப்பு? அடிபட்டவர்கள் பிறரைக் குறை கூறுவது வளர்ச்சியைத் தடுக்காதா?

பதில்: இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துப் பதில் எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கருத்தினால் காயப்பட்டவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். கணவன் அடிப்பதற்குத் தன் பேச்சுதான் காரணம் என்று நம்பிப் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்த பெண்ணிடம், உனக்கு நேர்ந்ததற்கு நீயே பொறுப்பு என்று சொல்வது, அடித்தவனின் வாதத்தை நம் வாயால் சொல்வதாகும்.

பழி என்பது நடந்து முடிந்ததை நோக்கி, இதைச் செய்தவர் யார் என்று கேட்பது. பொறுப்பு என்பது இனி வருவதை நோக்கி, இங்கிருந்து என்னால் செய்யக்கூடியது எது என்று கேட்பது. வீட்டுக்குத் தீ வைத்தவன் வேறொருவனாக இருக்கலாம். குழந்தைகளை வெளியே கொண்டுவருவது என் பொறுப்பு. அதைச் செய்ததனால் தீ வைத்தவனின் குற்றம் எனக்கு மாறிவிடாது, குறையவும் செய்யாது.

அதே வாசகர்: நீங்கள் பாடலை மறுக்கிறீர்கள். மேலும், சூழ்நிலையைக் குறை கூறுபவர்கள் முன்னேறுவதில்லை என்று உளவியலே சொல்கிறதே?

பதில்: நான் மறுப்பது பாடலை முதல் இரண்டு அடிகளோடு நிறுத்திவிடுவதை. புறநானூற்றின் 192-ஆம் பாடலான அது, தொடர்ந்து போய், மலையில் பொழிந்த மழை பேராறாகிக் கல்லில் மோதிப் பாய, அந்த ஆற்றின் வழியே செல்லும் புணையை, அதாவது மிதவையைப் போல, உயிர் முறைவழிப் படும், இயற்கை நியதியின் வழியே செல்லும் என்கிறது. புணை ஆற்றை உண்டாக்குவதில்லை. எல்லாம் என் கையில் என்று சொல்லும் புலவர் இந்த உவமையை எடுத்திருக்க மாட்டார். அந்தத் தெளிவிலிருந்து அவர் வந்து சேரும் முடிவையும் பாருங்கள்: பெரியோரை வியத்தலும் இல்லை, “சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.” கீழே கிடப்பவரை இகழக் கூடாது என்று முடியும் பாடலை, கீழே கிடப்பவரைக் குற்றம் சாட்டப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது.

உளவியலைப் பொறுத்தவரை, நீங்கள் குறிப்பது ஜூலியன் ராட்டர் என்ற உளவியலாளர் 1966-இல் விரித்துரைத்த கருத்தாக இருக்கலாம். விளைவுகள் தம் செயலைச் சார்ந்தவை என்று நம்புகிறவர்கள், விதியையும் தற்செயலையும் நம்புகிறவர்களிலிருந்து வேறுபட்டு நடந்துகொள்கிறார்கள் என்பது அதன் சாரம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் வெளியிட்ட சோதனைகளில், எதைச் செய்தும் மின்னதிர்ச்சியை நிறுத்த இயலாத நாய்களில் பல, பின்னர் தப்பிக்க வழி இருந்தபோதும் அசையாமல் கிடந்தன. அவை செயலற்றிருக்கக் கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளின் துணையோடு அவ்விருவருமே தம் விளக்கத்தைத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பான எதிர்வினை. என்னால் இதை மாற்ற முடியும் என்பதைத்தான் உயிர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். ஆகவே எழ முடியாமல் கிடப்பவரிடம் எழுந்திரு என்று அதட்டுவதால் பயனில்லை. அவர் கை அசைத்தால் ஏதோ ஒன்று மாறும் என்ற அனுபவத்தைச் சிறிய அளவிலாவது கிடைக்கச் செய்ய வேண்டும்.

வேறொரு வாசகர்: இந்த உரையாடலைப் படித்தேன். நானும் பாதிக்கப்பட்டவன்தான். ஆனால் நல்ல மனிதர்கள்கூட ஏன் பாதிக்கப்பட்டவரையே குறை கூறுகிறார்கள்?

பதில்: உங்கள் கேள்விக்கு நன்றி. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளரின் 1966 சோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துன்புறுவதை மாணவர்கள் பார்த்தார்கள்; அது நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளது துன்பத்தை நிறுத்தும் வாய்ப்பு இருந்தவர்கள் அவளைத் தாழ்வாக மதிப்பிடவில்லை. வாய்ப்பின்றிப் பார்த்துக்கொண்டே இருக்க நேர்ந்தவர்கள்தாம் அவளைத் தாழ்த்தி மதிப்பிட்டார்கள். நல்லவருக்குத் தீங்கு நேராது என்று நம்பினால்தான் நமக்கு உறக்கம் வருகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகத் துன்புறுபவரைக் குறையுள்ளவராக ஆக்கிவிடுகிறோம். உங்களைக் குறை கூறியவர்களும் தம் அச்சத்திலிருந்தே பேசியிருக்கக்கூடும். நீங்கள் அதை ஏற்க வேண்டியதில்லை.

கேள்வி: 21 நாள் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாமா?

பதில்: இந்த எண்ணைக் குறித்து மேலே எழுதிவிட்டேன். நாட்களை எண்ணாமல் தொடங்குங்கள்.

கேள்வி: நன்றிக் குறிப்பேடு தினமும் எழுத வேண்டுமா?

பதில்: நன்றியோடு நினைப்பவற்றை வாரம் ஒருமுறை எழுதினால் போதும். தினமும் எழுதினால் அதே வரிகள் திரும்ப வரத் தொடங்கும்.

கேள்வி: மருந்தை நிறுத்திவிட்டுத் தியானம் மட்டும் செய்யலாமா?

பதில்: மருந்தைத் தந்த மருத்துவரைக் கேளுங்கள். அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கோபத்தில் மனைவியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்டும் அவர் மனம் ஆறவில்லை. என்ன குறை?

பதில்: நீங்கள் கேட்ட மன்னிப்பின் சொற்களை எனக்கு எழுதியிருந்தீர்கள்: “ஏதோ கோபம் வந்துவிட்டது, வாய் தவறிவிட்டது, உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு.” இந்த வாக்கியத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேடிப் பாருங்கள். கோபம் தானாக வந்தது, வாய் தானாகத் தவறியது, புண்பட்டதுகூட “இருந்தால்” என்ற ஐயத்துக்குள் போய்விட்டது. நம் மொழியில் உடைத்தது என்பதற்கும் உடைந்தது என்பதற்கும் இடையே ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. அந்த ஓர் எழுத்தில் செய்தவர் மறைந்துவிடுகிறார். தாமதமாகிவிட்டது, மறந்துபோயிற்று, தவறு நடந்துவிட்டது என்று நாள் முழுவதும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். இது பெரும்பாலும் வெறும் பேச்சுவழக்குதான். ஆனால் ஒருவரைக் காயப்படுத்திய பிறகு அதே வழக்கில் பேசினால், கேட்பவருக்கு அது ஒதுங்கிக்கொள்வதாகவே படுகிறது.

“உன் தம்பியின் முன்னால் உன்னை இகழ்ந்து பேசினேன். அது உன்னை அவமானப்படுத்தியது. அவனிடம் நானே பேசுகிறேன்” என்று சொல்லுங்கள். செய்தது, அதனால் நேர்ந்தது, இனிச் செய்யப்போவது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. அதன்பின் “ஆனால் நீயும்” என்று தொடங்காதீர்கள். உடனே மன்னிக்கும்படி கேட்கவும் வேண்டாம். எப்போது மன்னிப்பது என்பது அவர் முடிவு. அதற்குள் தம்பியிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகன் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்வதில்லை. எவ்வளவு திட்டினாலும் “தானாக உடைந்தது” என்றே சொல்கிறான்.

பதில்: ஒப்புக்கொண்டால் திட்டு கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வாரம் உங்கள் தவறு ஒன்றை அவன் காதில் விழும்படி “நான் மறந்துவிட்டேன், நானே போய்ச் சரிசெய்கிறேன்” என்று சொல்லிச் செய்துகாட்டுங்கள். அடுத்த முறை ஏதேனும் உடையும்போது, யார் உடைத்தது என்று கேட்பதற்கு முன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், சில்லுகளை அள்ள அவனையும் கூப்பிடுங்கள். யார், எப்படி என்பதை அள்ளி முடித்த பிறகு கேட்கலாம்.